காப்புக் கட்டிய கையில் அடையாளமும் இருக்கட்டும்

தைப்பூசம் என்றாலே பால்குடமும் காவடியும் ஏந்தி, விரதம் காத்த பக்தர்கள் முருகப்பெருமானின் திருவடியை நாடிச் செல்லும் காட்சியே கண்முன் தோன்றும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து பத்துமலையை அடைகிறது. பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும், சுங்கை பட்டாணியிலும், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலும் பக்தர் வெள்ளம் திரள்கிறது. பத்துமலையில் மட்டும் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அந்தக் கூட்டத்தில் தாயின் இடுப்பிலும், தந்தையின் தோளிலும், பாட்டியின் கைப்பிடியிலுமாக வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் சிறியதன்று.

பக்திப் பாடல்களுக்கும் அரோகரா முழக்கத்துக்கும் இடையே ஒலிபெருக்கியில் அடிக்கடி கேட்கும் மற்றொரு குரலும் உண்டு. காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பே அது. பெரும்பாலான குழந்தைகள் சிறிது நேரத்திலேயே பெற்றோரிடம் சேர்ந்துவிடுகின்றனர் என்பது ஆறுதலுக்குரியது. எனினும் அந்தச் சிறிது நேரம் பெற்ற வயிற்றுக்கு ஒரு யுகம். தாயைக் காணாது தேம்பும் குழந்தைக்கோ அது வாழ்நாள் முழுவதும் மறவாத அச்சம்.

ஞானப்பழம் கிட்டாமல் கோபித்துக்கொண்டு மலையேறிய மகனைத் தேடி அம்மையும் அப்பனும் சென்ற வரலாறே பழநித் தலத்தின் வரலாறு. அத்தகைய பிள்ளைத் தெய்வத்தின் திருவிழாவில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே ஆகும்.

தமிழர் மரபில் குழந்தைக்குக் காப்பிடுவது புதிய செய்தியன்று. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைக்கலங்களின் வடிவில் செய்த ஐம்படைத்தாலியைக் குழந்தைகளுக்கு அணிவித்த வழக்கத்தைப் பழந்தமிழ் நூல்கள் கூறுகின்றன. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காத்தருளும்படி தெய்வங்களை வேண்டிய பின்னரே புலவர் தாலாட்டத் தொடங்குவார். இன்றும் தொட்டிலிலிடும் குழந்தைக்கு அரைஞாண் கட்டாத வீடு அரிது. கூட்டம் பெருகிய இக்காலத்தில் அந்தக் காப்போடு இன்னுமொரு காப்பும் தேவைப்படுகிறது. குழந்தை யார், யாருடைய பிள்ளை, யாரை அழைக்க வேண்டும் என்பதை, குழந்தை வாய் திறக்காவிட்டாலும் சொல்லக்கூடிய அடையாளமே அந்தக் காப்பு.

ஒரே கோலத்தில் ஆயிரம் பிள்ளைகள்

தைப்பூசக் கூட்டத்தில் குழந்தையைத் தேடுவதில் வேறெங்கும் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. பேரங்காடியில் தொலைந்த பிள்ளையை, "சிவப்புச் சட்டை, சுருட்டை முடி" என்று சொல்லித் தேடலாம். பத்துமலையில் அவ்வாறு தேட இயலாது. "நான்கு வயதுப் பையன், மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, தலையில் சந்தனம்" என்று அறிவித்தால், ஒவ்வொரு பந்தலிலும் அத்தகைய பையன்கள் பத்துப் பேர் நிற்பர். காலையில் வீட்டில் எடுத்த படத்தில் நிறைந்த முடியோடு சிரிக்கும் பிள்ளையும், முடிகாணிக்கை செலுத்தி வந்த பிள்ளையும் ஒருவரே என்று அறியாதவர் கண்ணுக்குத் தெரிவது கடினம்.

இதனோடு வேறு சிக்கல்களும் சேர்கின்றன. தந்தை காவடி சுமந்து அருள் நிலையில் ஆடி வருகிறார். தாய் பால்குடம் ஏந்தி அவர் பின்னால் நடக்கிறார். சித்தப்பா வேல் குத்திய இடத்தைக் கவனிக்கிறார். அத்தை தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுமக்கிறார். குழந்தை பாட்டியிடம் இருக்கிறது என்று தாய் நினைக்க, தாயிடம் இருக்கிறது என்று பாட்டி நினைப்பார். எல்லோருடைய பொறுப்பிலும் விடப்பட்ட பிள்ளை எவருடைய பொறுப்பிலும் இல்லாத பிள்ளையாகிவிடும். 272 படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் நெருக்கியடிக்கும் வேளையில், ஒரு கை நழுவுவதற்கு ஒரு நொடியே போதும்.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்ற எண்ணமும் முழு நம்பிக்கைக்குரியதன்று. இலட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பேச முயலும்போது தொடர்பு கிடைப்பது அரிதாகிறது. மேளதாள ஒலியில் மணி அடிப்பதும் காதில் விழாது.

மேலை நாட்டில் பிறந்த அடையாளத் திட்டம்

குழந்தைகளின் அடையாளத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கும் பணியில் காவல் துறை ஈடுபடும் வழக்கம் அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் வேகம் பெற்றது. 1979-இல் நியூயார்க்கிலும் 1981-இல் புளோரிடாவிலும் இரு சிறுவர்கள் காணாமற்போன நிகழ்ச்சிகள் அந்நாட்டை உலுக்கின. காணாமற்போன வாகனத்தின் விவரத்தை நாடு முழுவதும் உள்ள காவல் நிலையங்களுக்குக் கணினி வழியாக அனுப்ப முடிந்த காலத்தில், காணாமற்போன குழந்தையின் விவரத்தை அவ்வாறு அனுப்ப ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்ற உண்மை பெற்றோரைக் கொதிப்படையச் செய்தது. அதன் பயனாக 1982-இல் காணாமற்போன சிறார் சட்டம் நிறைவேறியது. 1984-இல் காணாமற்போன சிறாருக்கான தேசிய மையம் அமைந்தது.

அதே காலத்தில் ஊர்க் காவல் நிலையங்களும் பள்ளிகளும் சேர்ந்து குழந்தைகளின் கைரேகையைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கின. 1997-இல் இதற்கென நாடு தழுவிய திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. இத்திட்டங்களின் முறை எளியது. ஓர் உறைக்குள் பிள்ளையின் அண்மைய புகைப்படம், உயரம், எடை, மச்சம், தழும்பு, பத்து விரல்களின் ரேகை ஆகியவற்றைக் கொண்ட அட்டை இருக்கும். சில திட்டங்களில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுக்கும் மரபணு மாதிரியும் சேர்த்து வைக்கப்படும். அந்த உறை காவல் நிலையத்தில் தங்குவதில்லை. அது பெற்றோரின் வீட்டுப் பெட்டகத்துக்குச் செல்கிறது. குழந்தை காணாமற்போனால் மட்டுமே காவலர் கைக்கு வரும். குழந்தையின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. தேவைப்படும் வேளையில் விவரமும் ஆயத்தமாக இருக்கிறது.

விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருப்பது. அதன் அடிப்படையில் அமைந்த கைரேகைப் பணியகம் 1897-லேயே கல்கத்தாவில் நிறுவப்பட்டது என்பது ஆசியர் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் ரேகை அட்டையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். அது குழந்தை தொலையாமல் தடுக்காது. தொலைந்த குழந்தையைத் தேடிப் பிடித்தும் தராது. கிடைத்த குழந்தை இன்னார்தான் என்று உறுதி செய்வதே அதன் பணி. மிகச் சிறிய குழந்தைகளின் மெல்லிய ரேகையை மையில் தெளிவாகப் பதிப்பதும் எளிதன்று. ஆகவே அனுபவமுள்ள காவல் அதிகாரிகள் பெற்றோரிடம் முதலில் கேட்பது ரேகையை அன்று. தெளிவான, அண்மையில் எடுத்த புகைப்படத்தையே கேட்கின்றனர்.

சபரிமலையிலும் கும்பமேளாவிலும்

திருவிழாக் கூட்டத்துக்கேற்ற வழியைக் காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆண்டுதோறும் மாலையணிந்து செல்லும் ஐயப்ப பக்தர்கள் அதனைச் சபரிமலையில் நேரிலேயே கண்டிருப்பர். அங்கு பம்பையில் கேரளக் காவல் துறையினர் மலையேறும் சிறார்களின் கையில் அடையாளப் பட்டை கட்டி அனுப்புகின்றனர். பிள்ளையின் பெயரும் உடன் வந்தவரின் தொலைபேசி எண்ணும் அதில் குறிக்கப்படும். வழி தவறிய பிள்ளையைக் காணும் காவலரோ பக்தரோ அந்தப் பட்டையைப் பார்த்த அளவிலேயே உரியவரை அழைக்கலாம். மொழி தெரியாத மாநிலத்திலிருந்து வந்த குழந்தைக்கும் அந்தப் பட்டை பேசும் வாயாகிறது. அண்மைய ஆண்டுகளில் கைத்தொலைபேசியால் படிக்கக்கூடிய குறியீடு கொண்ட பட்டைகளும் அங்குப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

பிரயாகைக் கும்பமேளாவில் 1946-ஆம் ஆண்டு முதல் வழிதவறியோருக்கான முகாம் நடந்து வருகிறது. தனி மனிதர் ஒருவரின் தொண்டாகத் தொடங்கிய அம்முகாம், ஒலிபெருக்கியின் துணையோடு தலைமுறை தலைமுறையாக உறவுகளைச் சேர்த்து வைத்தது. 2019-ஆம் ஆண்டுக் கும்பமேளாவில் அப்பணிக்குக் கணினி வசதி கொண்ட நிலையங்களும் அமைந்தன. சபரிமலையில் காவல் துறை முன்நின்றது. கும்பமேளாவில் தொண்டுள்ளம் முன்நின்றது. இரண்டும் இணையும் இடத்தில்தான் பிள்ளைகள் விரைவில் வீடு சேர்வர்.

இந்நாட்டில் உள்ள ஏற்பாடுகள்

மலேசியாவில் 2003-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு மைகிட் அட்டை வழங்கப்படுகிறது. பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு ஓர் அடையாள எண் கிடைக்கிறது. ஆனால் 12 வயதில் பெறும் மைகாட் அட்டையைப் போல மைகிட் அட்டையில் முகப்படமும் கட்டைவிரல் ரேகையும் இல்லை. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் அட்டை பையில் இருந்தாலும், அது இந்தப் பிள்ளையின் அட்டைதான் என்று பார்த்தவர் சொல்லிவிட முடியாது. இந்த இடைவெளியைப் பெற்றோரிடமுள்ள புகைப்படமே நிரப்ப வேண்டும்.

2007-இல் தலைநகரில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே கண்ணீரில் ஆழ்த்தியது. காணாமற்போன குழந்தையைப் பற்றிய செய்தியை உடனுக்குடன் பொதுமக்களிடம் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. அமெரிக்காவில் 1996-இல் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய ஆம்பர் எச்சரிக்கை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2011-இல் மலேசியாவில் நூர் எச்சரிக்கை முறை அறிமுகமானது. 12 வயதுக்குட்பட்ட சிறார்களுக்கென வகுக்கப்பட்டது அது. அரச மலேசியக் காவல் துறையில் பாலியல் குற்றங்கள், மகளிர், சிறார் வழக்குகளைப் புலனாய்வதற்கென டி11 என்னும் தனிப் பிரிவும் உண்டு.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் மக்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணம் பெருந்தடையாக நிற்கிறது. ஒருவர் காணாமற்போய் 24 மணி நேரம் கடந்த பின்னரே போலீசில் புகார் செய்ய முடியும் என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறு எந்த விதியும் இல்லை என்று காவல் துறையினர் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். குழந்தையைக் காணவில்லை என்று உறுதியான அந்தக் கணமே புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். முதல் மணி நேரமே பொன்னான நேரம். மானம் போகும், உறவினர் ஏசுவர், திருவிழா நாளில் வீண் கலவரம் எதற்கு என்றெல்லாம் தயங்கி அந்த நேரத்தை இழப்பது பின்னர் எவராலும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகலாம்.

அச்சம் வழிகாட்டாது

குழந்தைப் பாதுகாப்பு என்றதும் பலர் மனத்தில் எழுவது பிள்ளை பிடிப்பவனின் உருவமே. அந்த அச்சம் அளவு கடந்தால் என்ன நேரும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு சான்று பகர்கிறது. பிள்ளை கடத்தும் கும்பல் நடமாடுவதாக அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளில் வாட்ஸ்அப் வழியாகப் பொய்ச் செய்திகள் பரவின. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தினர், வழியில் கண்ட சிறார்களுக்கு மிட்டாய் கொடுத்தனர். அவர்களைப் பிள்ளை பிடிப்போர் என்று எண்ணிய கூட்டம் கண்மூடித்தனமாகத் தாக்கியது. சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அக்குடும்பத்தினரோடு சென்று அடிபட்டவர்களுள் மலேசியாவிலிருந்து சென்ற உறவினரும் இருந்தனர். குலதெய்வத்தை நாடிச் சென்றவர்களுக்கு நேர்ந்த அக்கதி இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேர்ந்திருக்கக்கூடியது.

ஆகவே உறுதி செய்யப்படாத செய்தியை மற்றவருக்கு அனுப்புவது பாதுகாப்பு ஆகாது, அது ஆபத்து. காணாமற்போன பிள்ளையின் படத்தைப் பகிர்வோரும், அது காவல் துறையிடமிருந்தோ குடும்பத்தாரிடமிருந்தோ வந்ததா என்று பார்த்தல் வேண்டும். பிள்ளை கிடைத்துப் பல ஆண்டுகள் கடந்தும் அதன் படம் ஊர் ஊராகச் சுற்றுவது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் தீங்கேயாகும்.

மற்றோர் உண்மையும் கசப்பானது. சிறாருக்குத் தீங்கிழைப்போரில் பெரும்பகுதியினர் முன்பின் அறியாதவர் அல்லர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் எனப் பிள்ளைக்கு அறிமுகமானோரே மிகுதி. "தெரியாதவரிடம் பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, தெரிந்தவர் தவறு செய்யும்போது வாயடைத்து நிற்கிறது. மலேசியாவில் 2017-ஆம் ஆண்டில் நிறைவேறிய சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்போர் இழைக்கும் குற்றத்தைத் தனியாகக் கருதுகிறது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் தராமல் இருப்பதையும் குற்றமாக்குகிறது. குடும்ப கௌரவம் என்ற திரைக்குப் பின்னால் இவற்றை மறைப்பதற்கு இனி இடமில்லை. 15999 என்ற தாலியான் காசே எண்ணும், 999 என்ற அவசர எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்கத்தக்கவை.

பெற்றோர் ஆற்ற வேண்டியவை

காப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் என்று புறப்படுமுன்பே பெயர் சொல்லிப் பொறுப்பு ஒப்படைத்தல் முதற்கடமை. காவடி ஏந்துவோருக்கும் அவரைத் தாங்கி வருவோருக்கும் அப்பொறுப்பைக் கொடுத்தல் ஆகாது. பொறுப்பேற்றவர் களைத்தால், இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பிள்ளையைக் கையில் ஒப்படைத்த பின்னரே விலகுதல் வேண்டும்.

அன்றைய ஆடையோடு பிள்ளையை முழு உருவமாக ஒரு படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்தல் அரை நிமிட வேலை. முடிகாணிக்கை செலுத்திய பின் மொட்டைத் தலையோடு மீண்டும் ஒரு படம் எடுக்க மறக்கலாகாது. குடும்பத்தார் அனைவரிடமும் அந்தப் படங்கள் இருத்தல் நலம். பதற்றத்தில் பிள்ளையின் சட்டை நிறம் கூடப் பெற்றோர் நினைவுக்கு வராது போவதுண்டு.

அடையாளப் பட்டை வழங்கப்படும் இடத்தில் அதனைக் கேட்டு வாங்கிக் கட்டுதல் வேண்டும். வழங்கப்படாத இடத்தில் துணிப்பட்டையிலோ காகிதப் பட்டையிலோ வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நீரில் கரையாத மையால் இரண்டு தொலைபேசி எண்களை எழுதுதல் நன்று. ஒன்று கூட்டத்தில் உடன் வருபவருடையது. மற்றொன்று வீட்டில் இருப்பவருடையது. ஆற்றில் நீராடும்போதும் பால்குடத்திலிருந்து பால் சிந்தும்போதும் சாதாரண மை அழிந்துவிடும். பிள்ளையின் பெயரை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதாமல் பட்டையின் உட்புறத்தில் எழுதுவது விவேகம். பெயர் சொல்லி அழைப்பவரைப் பிள்ளை எளிதில் நம்பிவிடும்.

தந்தையின் பெயர் என்ன என்று கேட்டால் "அப்பா" என்றே பல மழலைகள் பதில் சொல்லும். பெற்றோரின் முழுப்பெயரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தால் மூன்று, நான்கு வயதிலேயே பல பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடும். வழி தவறினால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடையணிந்த காவலரையோ, பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயையோ அணுகி உதவி கேட்கவும் பழக்குதல் வேண்டும். "தொலைந்துவிட்டால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்" என்று மிரட்டி வளர்க்கும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். அவ்வாறு வளர்ந்த பிள்ளை, உதவ வரும் காவலரைக் கண்டு ஓடி ஒளியும். கிடைத்த பிள்ளையை அடிப்பதும் ஏசுவதும் தகாது. அடுத்த முறை உண்மையைச் சொல்ல அது அஞ்சும்.

பேச்சுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கும், நினைவு தடுமாறும் முதியோருக்கும் இவையனைத்தும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பட்டை கட்டியாயிற்றே என்று கையை விட்டுவிடலாகாது. கை நழுவிய பின்னர் உதவுவதற்கே பட்டை. நழுவாமல் காப்பது பெரியவர்களின் கையே. தகுந்த மேற்பார்வையின்றிச் சிறாரை விட்டுச் செல்வதை 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் குற்றமாகவே கருதுகிறது என்பதும் நினைவில் இருத்தல் நலம்.

ஆலயங்களும் புரவலர்களும்

திருவிழாவுக்கு அழைக்கும் ஆலயத்துக்கு, வரும் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பும் உண்டு. வழிதவறிய சிறாருக்கென ஒரு பந்தலை எளிதில் காணும் இடத்தில் அமைத்து, அதன் இருப்பிடத்தை அழைப்பிதழிலேயே அச்சிடலாம். அங்குப் பெண் தொண்டர் உட்பட இருவர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரே ஒருவருடன் தனித்து விடப்படலாகாது. பிள்ளை வந்த நேரம், அழைத்து வந்தவர் பெயர், ஒப்படைத்த நேரம் ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அருகிலுள்ள காவலருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

ஒலிபெருக்கியில் பிள்ளையின் முழு விவரத்தையும் அறிவித்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. கேட்டவர் எவரும் வந்து தம் பிள்ளை என்று கூற அது வழி செய்யும். பிள்ளை இருக்கும் இடத்தையும் பொதுவான அடையாளத்தையும் அறிவித்து, ஒரு தழும்பையோ கையிலுள்ள வளையலையோ அறிவிக்காமல் வைத்துக்கொண்டால், வருபவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். வந்தவரின் அடையாள அட்டையையும், அவர் கைத்தொலைபேசியிலுள்ள பிள்ளையின் படத்தையும், பிள்ளை அவரை நோக்கித் தாவும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தல் தகும். ஐயம் எழுந்தால் முடிவைக் காவல் துறையிடம் விட்டுவிட வேண்டும். பந்தல்களின் பாட்டொலி இந்த அறிவிப்புகளை விழுங்கிவிடாதபடி கட்டுப்படுத்துவதும் நிர்வாகத்தின் கடமை.

அமெரிக்கப் பேரங்காடிகளில் 1994-இல் தொடங்கிய ஆடம் குறியீட்டு முறை இங்கும் கருதத்தக்கது. பிள்ளையைக் காணவில்லை என்றவுடன் ஊழியர் அனைவருக்கும் குறிப்புச் சொல் அறிவிக்கப்படும். வாயில்களில் ஆள் நிறுத்தப்படும். பத்து நிமிடத்துக்குள் பிள்ளை கிடைக்காவிட்டால் காவல் துறை அழைக்கப்படும். மலைக்கோயிலுக்கும் தேரோடும் வீதிக்கும் கதவுகள் இல்லையாயினும், படிக்கட்டின் அடிவாரம், ஆற்றங்கரை, இரயில் நிலைய வழி, வாகன நிறுத்துமிடம் ஆகியவை வாயில்களே. அவ்விடங்களில் நிற்கும் தொண்டர்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி சேரும் ஏற்பாடு இருந்தால் பல மணி நேரத் தவிப்பு சில நிமிடங்களில் முடியும்.

தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் அமைக்கும் கொடை நெஞ்சங்களுக்கு இந்தச் சமுதாயத்தில் பஞ்சமில்லை. அவர்களுள் சிலர் அடையாளப் பட்டைகளை ஓர் உபயமாக ஏற்றுக்கொள்ளலாம். பதாகை ஒன்றுக்கு ஆகும் செலவில் எத்தனையோ பிள்ளைகளின் கையில் பட்டை கட்டிவிடலாம். இளைஞர் மன்றங்களும் மாணவர் சங்கங்களும் திருவிழாவுக்குச் சில நாள்கள் முன்பாகவே வட்டாரப் போலீஸ் நிலையத்தை அணுகி, சிறார் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் ஒன்றை ஆலய மண்டபத்தில் நடத்தித் தரும்படி கேட்கலாம். கேட்டால் மறுக்கும் காவல் அதிகாரிகள் அரிது, கேட்பவர்களே குறைவு. ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேவாரத்தோடு ஒரு தொலைபேசி எண்ணையும் மனப்பாடம் செய்வித்தால் அதுவும் திருத்தொண்டே.

பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு, பிறந்த பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் சுமந்து வந்து நன்றி செலுத்தும் பெற்றோர் ஒவ்வொரு தைப்பூசத்திலும் உளர். இறைவன் அளித்த அந்தச் செல்வத்தைக் கூட்டத்தில் பறிகொடுக்காமல் பத்திரமாக வீடு கொண்டு சேர்ப்பதும் நேர்த்திக்கடனில் அடங்கும். காவல் துறையின் கண்ணும், ஆலயத்தின் பொறுப்பும், பெற்றோரின் கையும் ஒன்று சேரட்டும். இந்தத் தைப்பூசத்தில் மலையேறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரோடு சேர்ந்தே மலையிறங்க வேலவன் அருள் புரிவானாக!